நன்றாக இருந்ததற்காக அகற்றப்பட்ட விளையாட்டு

2023 பெப்ரவரியில் பின்லாந்தின் றோவியோ நிறுவனம் ஒரு சிறு அறிவித்தலை வெளியிட்டது. 'அங்ரி பேர்ட்ஸ்' என்ற கைத்தொலைபேசி விளையாட்டின் மூலவடிவம் 23ஆம் திகதி முதல் கூகிளின் கடையில் இருந்து அகற்றப்படும். அப்பிளின் கடையில் அது 'றெட்ஸ் பெர்ஸ்ற் பிளைற்' என்று பெயர் மாற்றப்படும். அதன் எதிர்காலம் பற்றிப் பின்னர் ஆராயப்படும். காரணமும் சொல்லப்பட்டிருந்தது. இந்த விளையாட்டு நிறுவனத்தின் ஏனைய விளையாட்டுகள் மீது ஏற்படுத்தும் தாக்கத்தைப் பரிசீலித்து எடுத்த வர்த்தக முடிவாம் அது.

நிறுவனங்களின் செய்திக்குறிப்புகளை வாசித்தே வயது போனவன் நான். தோல்வியடைந்த பொருளைச் சந்தையில் இருந்து விலக்குவார்கள். பழுதான பொருளைத் திருப்பி அழைப்பார்கள். வழக்கில் தோற்றால் மூடிவிடுவார்கள். ஆனால் இந்தப் பொருள் விற்பனையாகிக்கொண்டிருந்தது, பழுதும் இல்லை, வழக்கும் இல்லை. மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள், அதனால் எங்கள் மற்றப் பொருட்களுக்குப் பாதிப்பு, எனவே எடுத்துவிடுகிறோம் என்று ஒரு நிறுவனம் தன் வாயாலேயே சொன்னதை நான் கண்டது அரிது. 'தாக்கம்' என்ற மொட்டைச் சொல்லுக்குள் அந்த வாக்குமூலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

"விளையாட்டுத்தானே, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குருவிக்கும் பன்றிக்கும் இடையிலான சண்டையாகத் தொடங்கிய இந்தக் கதை, காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. நாளை அது புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் உரிய கேள்வி. புத்தகத்தைப் பொறுத்தவரை நேற்றே வந்துவிட்டது. 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், தனது கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கப்பட்டிருந்த ஜோர்ஜ் ஓவெலின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, வாங்கியவர்களின் கருவிகளில் இருந்து இரவோடிரவாக அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இருக்கவில்லை என்பது காரணம். பின்னர் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். எத்தனையோ நூல்கள் இருக்க அந்த நூலுக்கா அது நேர வேண்டும் என்று உலகம் சிரித்தது. சிரித்துவிட்டு மறந்தும் போனது.

அந்த 2009ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அங்ரி பேர்ட்ஸ் பிறந்தது. அதன் பிறப்பு வறுமையில் நிகழ்ந்தது. 2003இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், கைத்தொலைபேசி விளையாட்டுப் போட்டி ஒன்றில் வென்ற உற்சாகத்தில் தொடங்கிய நிறுவனம் றோவியோ. நொக்கியாவின் நாடு அல்லவா? கைத்தொலைபேசி விளையாட்டு அங்கே ஒரு தொழிலாக வளர்ந்துகொண்டிருந்தது. தமக்காகவும் பிறருக்காகவும் 51 விளையாட்டுகளை அவர்கள் செய்து கொடுத்தார்கள். 2009 அளவில் 50 பேர் இருந்த இடத்தில் 12 பேர் எஞ்சியிருந்தார்கள். கதவை மூடுகிற நிலை. அப்போது யாக்கோ ஈசலோ என்ற வடிவமைப்பாளர் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். உருண்டையான பறவைகள். இறக்கை இல்லை, கால் இல்லை, புருவம் மட்டும் நெரிந்து கிடக்கிறது. விளையாட்டு என்னவென்று எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பறவைகளின் கோபம் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. அது பன்றிக் காய்ச்சல் செய்தித்தாள்களை நிரப்பியிருந்த காலம். எதிரிகள் பச்சைப் பன்றிகளானது அதனாலேதான்.

52ஆவது விளையாட்டாக அது வெளிவந்தபோது விலை அமெரிக்க நாணயத்தில் 99 சதம். முதலில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எடுபடவில்லை. பின்லாந்து போன்ற சிறிய சந்தைகளில் சில நூறு பேர் வாங்கினாலே பட்டியலின் உச்சிக்குப் போகலாம். அப்படிச் சிறு நாடுகளில் ஏறி, 2010 பெப்ரவரியில் பிரித்தானிய அப்பிள் கடையின் முகப்புக்கு வந்து, சில நாட்களில் அங்கே முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவிலும் அதே கதை. நிறுவனரில் ஒருவரான நிக்லஸ் ஹெட் பிற்காலத்தில் சொன்னது எனக்குப் பிடித்த செய்தி: விளையாட்டுப் பக்கமே தலைவைக்காத தன் தாயார் இதில் மூழ்கி, நத்தார் விருந்துக்கு அடுப்பில் வைத்த வான்கோழியைக் கருக்கிவிட்டாராம். இது ஓடும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். விமர்சகர்களின் நட்சத்திரங்களைவிட அந்தக் கருகிய வான்கோழி மேலான மதிப்புரை.

நான் றோவியோவின் ஆரம்பகாலத்தைப் புனிதப்படுத்த வரவில்லை. கல்லெறிந்து கட்டடம் இடிக்கும் யோசனை அவர்களுடைய சொந்தச் சரக்கு அல்ல. அதே 2009இல் 'கிறஷ் த காசில்' என்ற இணைய விளையாட்டு அதைச் செய்திருந்தது. கட்டைகள் சரிவதையும் உருள்வதையும் கணிக்கிற இயந்திரம் 'பொக்ஸ்-2டி' என்ற இலவச மென்பொருள். அதை எழுதியவர் எரின் கற்றோ. 2011இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு ஒன்றில் றோவியோவின் பிரதிநிதி மேடையில் தன் நிறுவனத்தின் வெற்றியை விபரித்துக்கொண்டிருந்தபோது, சபையில் இருந்து ஒருவர் எழுந்து, நீங்கள் எந்தப் பௌதிக இயந்திரத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். பொக்ஸ்-2டி என்று பதில் வந்தது. அப்படியானால் அதன் பெயரை விளையாட்டில் குறிப்பிடலாமே என்றார் கேட்டவர். பிறகு, தானே எரின் கற்றோ என்றும் சொன்னார். சபை கைதட்டியது. கோடிக்கணக்கில் உழைத்த ஒரு பொருளின் அடித்தளத்தை இலவசமாகக் கொடுத்தவர், நன்றி என்ற ஒரு சொல்லுக்காக ஒலிவாங்கியின் முன் நிற்க நேர்ந்தது. பெயர்களை மறைக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிது அல்ல என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆனாலும் பொருள் நல்ல பொருள். அது ஏன் நல்லது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அதை அகற்றியவர்களும் அது நன்றாக இருந்த காரணத்துக்காகவே அகற்றினார்கள்.

திரையின் ஒரு பக்கத்தில் ஒரு கவண். எங்கள் பக்கத்துப் பையன்கள் கெற்றபோல் என்பார்கள். மறுபக்கத்தில் மரம், கண்ணாடி, கல் ஆகியவற்றால் அடுக்கிய கட்டடம், அதற்குள் பன்றிகள். சங்க காலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் கவண்கல் எறிந்து கிளிகளை விரட்டினார்கள். இங்கே கிளிகளே கல்லாகிவிட்டன. விரலால் இழுத்து விட்டால் பறவை வளைந்து பறந்து போய் மோதும். சிவப்புப் பறவை வெறுமனே மோதும். நீலப் பறவை தொட்டால் மூன்றாகப் பிரிந்து கண்ணாடியை நொறுக்கும். மஞ்சள் பறவை வேகமெடுத்து மரத்தைப் பிளக்கும். கறுப்புப் பறவை வெடித்துக் கல்லைத் தகர்க்கும். எத்தனை பறவைகள், எந்த ஒழுங்கில் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். தெரிவு உங்களுடையது அல்ல. கோணமும் வேகமும் தொடுகிற கணமும் மட்டுமே உங்களுடையவை.

இதில் மிக அழகான விடயம் ஒரு சிறு விபரம். முதல் எறி பறந்து போன பாதை வெண்புள்ளிகளாகத் திரையில் நின்றுவிடும். அடுத்த எறிக்கு அதுவே ஆசிரியர். இரண்டு புள்ளி மேலே, ஒரு மயிரிழை பின்னே என்று நீங்கள் திருத்திக்கொள்கிறீர்கள். தோற்றால் உடனே அதே கட்டடம், அதே பறவைகள், அதே ஒழுங்கு. நூறு தரம் தோற்றாலும் ஒரு சதம் கேட்பாரில்லை, காத்திருக்கச் சொல்வாரில்லை. தோல்வியில் இருந்து கற்பதற்கு இடம் இருந்தது. புதிர் என்று நாம் சொல்வது அதைத்தான். விடை ஒன்று உண்டு, அது அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறது, தேடுகிறவன் அதை நோக்கி ஒவ்வோர் அடியாக நெருங்குகிறான்.

இனி 2015 ஜூலைக்கு வருவோம். 'அங்ரி பேர்ட்ஸ் 2' வெளிவந்தது. விலை இல்லை, இலவசம். ஓவியம் முன்னையதைவிட அழகு. ஆனால் உங்களுக்குக் கொடுக்கப்படுவது எண்ணிக்கைக்கு உட்பட்ட 'உயிர்கள்'. தோற்றால் ஒன்று போகும். முடிந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அல்லது உண்மையான காசில் வாங்கக்கூடிய இரத்தினக் கற்களைச் செலவிட வேண்டும். இன்னொரு பறவை வேண்டுமா? ஒரு விளம்பரத்தைப் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விடக் கொடிய மாற்றம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. தோற்றுவிட்டு மீண்டும் அதே கட்டத்துக்குப் போனால் கட்டடங்களின் அமைப்பு மாறியிருக்கும். நீங்கள் கற்றது பயன்படாது. விடை ஓரிடத்தில் நிற்பதில்லை. இது புதிரா, லொத்தர் சீட்டா? விளையாடுகிறவனின் திறமை வளர்ந்தால் அவன் காசு செலவழிக்க மாட்டான், எனவே திறமை வளர விடக்கூடாது. இந்தக் கணக்கை எவரும் காகிதத்தில் எழுதி வைத்தார்களா என்பது எனக்குக் கவலையில்லை. அமைப்பே அப்படிப் பேசுகிறது.

ஏன் இப்படி மாறினார்கள் என்பதற்கு மர்மம் எதுவும் இல்லை. 2012 மே மாதத்துக்குள் அங்ரி பேர்ட்ஸ் வரிசை 100 கோடி தரவிறக்கங்களைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டில் 'கண்டி கிறஷ்' வந்தது. அதே ஹெல்சிங்கியில் இருந்து சுப்பர்செல் நிறுவனத்தின் 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' வந்தது. இவை ஒரு டொலர் கேட்கவில்லை. எதுவும் கேட்காமல் உள்ளே அழைத்து, உள்ளே வந்தவர்களில் சிலரிடம் எல்லையின்றி வாங்கின. 2013இல் சுப்பர்செல்லின் 51 வீதப் பங்குக்கு யப்பானின் சொப்ற்பாங்க் 150 கோடி டொலர் கொடுத்தது. அதே ஆண்டில் றோவியோவின் இலாபம் பாதிக்கும் கீழே விழுந்தது. 2014இலும் 2015இலும் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒரு தரம் விற்றுவிட்டு நிறைவடைவது வியாபாரமே அல்ல என்று அந்தத் தலைமுறை முடிவு செய்துவிட்டது. 2017இல் ஹெல்சிங்கிப் பங்குச்சந்தைக்குப் போனார்கள். அடுத்த பெப்ரவரியில், வருமான எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொன்ன ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழ அரைவாசியானது. பங்குதாரருக்கு ஒவ்வொரு காலாண்டும் பதில் சொல்லவேண்டிய நிறுவனத்துக்கு, பத்து வருடத்துக்கு முன்னர் ஒரு டொலர் கொடுத்துவிட்டு இன்னமும் சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருக்கிற வாடிக்கையாளனைப் போல எரிச்சலூட்டும் பிராணி வேறு இல்லை.

2019இல் பழைய விளையாட்டுகள் ஓசையின்றிக் கடைகளில் இருந்து மறைந்தன. பழைய மென்பொருள் புதிய தொலைபேசிகளுக்கு ஈடுகொடுக்கவில்லை என்றார்கள். அதில் உண்மை உண்டு. 2017இல் அப்பிள் தனது ஐ.ஓ.எஸ். 11 உடன் பழைய 32-பிட் செயலிகள் அனைத்தையும் ஒரேயடியாகக் கைவிட்டது. அன்று செத்த விளையாட்டுகளைக் கணக்கெடுத்தவர் எவரும் இல்லை. ஆனால் இந்த விளையாட்டின் பிரியர்கள் மௌனமாக இருக்கவில்லை. இயக்கம் நடத்தினார்கள், பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பழைய பறவைகளைத் திருப்பித் தாருங்கள் என்று நிறுவனத்தின் வாசலில் நின்றார்கள். 2021இல் றோவியோ இறங்கிவந்து வாக்குக் கொடுத்தது. 2022 மார்ச் 31இல் வாக்கைக் காப்பாற்றவும் செய்தது. மூல விளையாட்டை யூனிற்றி என்ற புதிய இயந்திரத்தில் முதலில் இருந்து மீளக் கட்டி வெளியிட்டார்கள். அதே 99 சதம். விளம்பரம் இல்லை, உள்ளே கடை இல்லை, உயிர்க் கணக்கு இல்லை. மக்கள் வாங்கினார்கள். பாராட்டி எழுதினார்கள். ஒரு வருடம் நிறைவதற்குள் அகற்றினார்கள்.

இந்த ஒரு வருடத்துக்குள் நடந்த வேறு சிலவற்றையும் திகதி வாரியாக வைத்துப் பார்ப்போம். 2023 ஜனவரியில் இஸ்ரேலின் பிளேற்றிக்கா என்ற கைத்தொலைபேசி விளையாட்டு நிறுவனம் றோவியோவை விலைக்குக் கேட்டது. பெப்ரவரி தொடக்கத்தில், விற்பனை உட்பட எல்லா வழிகளையும் ஆராய்வதாக றோவியோ அறிவித்தது. பெப்ரவரி 23இல் மூல விளையாட்டு அகற்றப்பட்டது. ஏப்ரலில் யப்பானின் சேகா நிறுவனம் 70 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து றோவியோவை வாங்குவதாகச் செய்தி வந்தது. நான் முடிச்சுப் போடவில்லை. அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. ஆனால் வீட்டை விற்கப் போகிறவன் முற்றத்தில் எதை ஒதுக்குகிறான், எதை முன்னால் வைக்கிறான் என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கதோஷம்.

இனி மறுதரப்பின் வாதங்கள். தன் பொருளை விற்பதும் விற்காமல் விடுவதும் நிறுவனத்தின் உரிமை என்பார்கள். சட்டப்படி சரி. ஏற்கனவே தரவிறக்கியவர்களின் கருவியில் அது தொடர்ந்து இயங்கும் என்றும் றோவியோ சொன்னது. அதுவும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டியதே. அமேசனைப் போல வீடு புகுந்து எடுக்கவில்லை. ஆனால் கைத்தொலைபேசியின் ஆயுள் எத்தனை வருடம்? கருவி மாறும், இயங்குதளம் மாறும், கடையில் இல்லாத செயலியைச் செப்பனிடுவார் இல்லை. உங்களிடம் இருக்கிறது என்பது, உங்கள் தொலைபேசியின் மின்கலம் வீங்கும்வரை இருக்கிறது என்பதுதான். நான் பணியாற்றிய காலத்தில் அச்சகத்தை விட்டு வெளியேறிய பத்திரிகையில் ஒரு பிழை இருந்தால், ஆசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஒன்றும் செய்ய இயலாது. ஐந்து ரூபா கொடுத்து வாங்கியவனுடைய சொத்து அது. மறுநாள் திருத்தம் போடலாம், நேற்றையதைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் கையாலாகாத்தனம்தான் எங்களை ஒழுங்காக எழுத வைத்தது.

இன்னொரு வாதம் ஏழைகளின் பெயரால் வருகிறது. ஒரு டொலர் கொடுக்க வசதியற்றவர்களும் விளையாடுகிறார்களே, இலவசம் நல்லதுதானே என்பது. கடன் அட்டை இல்லாத கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாடுகளில் இருந்து பார்த்தால் இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல. 2010இல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு இந்த விளையாட்டே விளம்பரத்துடன் இலவசமாகத்தான் வந்தது. முதல் நாளிலேயே 10 இலட்சம் தரவிறக்கங்களைத் தாண்டியது. ஆனால் அந்த இலவசத்தில் புதிர் புதிராகவே இருந்தது. ஓரத்தில் ஒரு விளம்பரம், அவ்வளவுதான். பின்னால் வந்த இலவசம் வேறு சாதி. அதன் விலையும் மறைவானது. 2014 ஜனவரியில் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகள் தகவல் கசியும் கைத்தொலைபேசிச் செயலிகளைக் குறிவைத்ததை வெளிப்படுத்தியபோது உதாரணமாக நின்றது அங்ரி பேர்ட்ஸ். தாங்கள் எவருக்கும் தகவல் கொடுக்கவில்லை, கசிந்திருந்தால் விளம்பர வலையமைப்புகளின் வழியாக இருக்கலாம் என்றது றோவியோ. 2021 ஓகஸ்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில சட்டமா அதிபர், சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியதாகக் குற்றஞ்சாட்டி இதே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அதையும் மறுத்தது. குற்றம் நிரூபணமானதா என்பது நீதிமன்றத்தின் விடயம். காசு கேட்காதவன் வேறு எதைக் கேட்கிறான் என்று வினவுவது நம் விடயம்.

உலகம் முற்றிலும் உறங்கிவிடவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2024இல் நிறைவேற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின்படி, எண்ணிமக் கடைகள் தாங்கள் விற்பது பொருளை அல்ல, பின்னர் இரத்தாகக்கூடிய அனுமதியை மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். 'வாங்குங்கள்' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் பொய்யை ஓர் அரசு சட்டமியற்றி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறது. 2024இல் பிரான்சின் யுபிசொப்ற் நிறுவனம் 'த குறூ' என்ற கார் ஓட்ட விளையாட்டை நிறுத்தி, காசு கொடுத்தவர்களுக்கும் கதவைச் சாத்தியதில் இருந்து கிளம்பிய ஐரோப்பிய மக்கள் மனு, 2025 ஜூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. விளையாட்டுப் பிள்ளைகள் என்று நாம் தள்ளிவைத்தவர்கள், நூலகர்களும் பதிப்பாளர்களும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறார்கள்.

றோவியோவுக்கு மாற்றுவழி இல்லாமல் இல்லை. 99 சதம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஐந்து டொலர் கேட்டிருக்கலாம். இந்த விளையாட்டுக்காக இரண்டு வருடம் வாசலில் நின்றவர்கள் அதையும் கொடுத்திருப்பார்கள். புதிய கட்டங்களைச் செய்து வருடத்துக்கு ஒரு தரம் நேர்மையாக விற்றிருக்கலாம். அல்லது இலவச விளையாட்டுகளைச் சற்று நல்ல விளையாட்டுகளாக மாற்றியிருக்கலாம். அதுதான் போட்டி என்று பொருளியல் புத்தகங்கள் சொல்வது. அவர்கள் தேர்ந்தது நாலாவது வழி. அப்பிளின் கடையில் விளையாட்டை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பிடுங்கினார்கள். அன்று முதல் அந்தக் கடையில் 'அங்ரி பேர்ட்ஸ்' என்று தேடுகிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரில் முன்வந்து நின்றவை இரத்தினக் கற்கள் விற்கிற கடைகள்தாம். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த விளையாட்டு, தேடுகிறவனுக்குத் தெரியாத வேறொரு பெயரில், 99 சத விலைச்சீட்டுடன் ஒரு மூலையில் கிடந்தது.